செம்பவாங் சந்தையின் அறிவிப்பு மேடை

போன பொங்கலுக்கு எங்கள் வட்டாரத்துச் சமூக மன்றத்தில் நிகழ்ச்சி நடந்தது. ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்ட இளைஞர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைப்பேசி போன்ற ஒரு பலகையைத் தொட்டுத் தொட்டு மண்டபத்தின் நான்கு மூலைகளிலும் ஒலியைச் சரிசெய்தார். நானும் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்கிள், அப்பல்லாம் ஹேண்ட்ஃபோன் இல்லல்ல. கூட்டத்துல புள்ள காணாமப் போனா எப்படி லா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார்.

மைக்கில் சொல்வோம் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்று நானும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் என்னை உறுத்தியது. மைக்கில் சொல்வது அத்தனை எளிதாக இல்லாமல் போன ஒரு மாலையும் என் தொழிலில் உண்டு. அதை எழுதி வைக்கிறேன்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் நான் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பேட்டரி தூக்கினேன், கம்பத்தில் ஏறி ஹார்ன் ஸ்பீக்கர் கட்டினேன், ஈயம் பற்றவைத்து விரல்களைச் சுட்டுக்கொண்டேன். கல்யாணம், தொழிற்சங்கக் கூட்டம், தேர்தல் கூட்டம் என்று ஊரெல்லாம் ஏதாவது ஒரு மேடை இருந்துகொண்டே இருந்த காலம் அது. வேலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் நான் காத்திருந்தது செம்பவாங் சந்தைக்காக.

அந்தச் சந்தையைப் பற்றி இன்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர்களின் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. போருக்கு முன்பு அங்கே ஒரு சின்னக் கோயிலில் பங்குனியில் திருவிழா நடக்கும். மண்பானை, பாய், கண்ணாடி வளையல் விற்பவர்கள் நாலைந்து பேர் வந்து துணி விரிப்பார்கள். போர் முடிந்து கப்பல் பட்டறையில் ஆட்கள் பெருகியதும் சந்தையும் பெருகியது. நான் முதலில் போன ஆண்டு கையால் சுற்றும் ராட்டினம் ஒன்றுதான் இருந்தது. பிறகு மோட்டார் ராட்டினம் வந்தது, துப்பாக்கியால் பலூன் சுடும் கடை வந்தது, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள், நாடக மேடை போட்டார்கள். கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை விற்பவரும் ஐஸ் உருண்டை விற்பவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சத்தம் போடுவார்கள். பொங்கோல், மண்டாய் பக்கங்களில் இருந்தும், நகரத்தில் இருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். தமிழர், மலையாளி, சீனர், மலாய்க்காரர் என்று பார்க்காமல் கூட்டம் நெரியும். மூன்று நாள் நடக்கும்.

குடியிருப்புப் பெண்களுக்கு அது பெரிய விஷயம். மற்ற நாளில் வாசலைத் தாண்டினால் எங்கே போகிறாய் என்று கேள்வி வரும். அந்த மூன்று நாளும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தைக்கு என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மைதானத்துக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வழி. மூங்கிலால் வளைவு கட்டி, தொண்டர்கள் நிற்பார்கள். வளைவுக்கு எதிரே மரப்பலகையால் ஓர் ஆள் உயரத்துக்கு மேடை போட்டு, மேலே தகரம் வேய்ந்திருப்பார்கள். அதுதான் அறிவிப்பு மேடை. அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும்.

அந்த மேடைக்கு அதிகாரி அருளம்பலம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். தளத்தின் பண்டகசாலையில் தலைமை எழுத்தர். சந்தைக் குழுவில் ஆரம்ப காலத்தில் இருந்தே இருந்தவர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, வெயிலோ மழையோ, மேடையில் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்திருப்பார். முன்கோபி. உச்சரிப்பு பிசகினால் எல்லார் முன்னாலும் திருத்துவார். தம்முடைய குரல் மெல்லியது என்பதால் மைக்கை அவர் தொட்டதே இல்லை. அவர் சொல்வார், நான் பேசுவேன். தமிழிலும் மலாயிலும் நான். சீனத்தில் சொல்ல, தேநீர்க் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வோம்.

முதல் ஆண்டே எனக்கு அவரிடம் கிடைத்த திட்டு மறக்காது. காணாமல் போன ஒரு பையனின் பெயரை மைக்கில் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வந்து, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கினார். அந்தப் பெயரைக் கேட்ட யார் வேண்டுமானாலும் இனி அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போகும் என்றார். முன்பு ஒருமுறை அப்படி நடந்து, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பிள்ளையை அழ அழ மீட்டிருக்கிறார்கள்.

அவர் முறை இதுதான். பிள்ளையைத் தேடி வருகிறவரை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பதறுகிறவர் சொல்வது பாதி தவறாக இருக்கும். பிறகு என்ன உடுப்பு என்று கேட்க வேண்டும். ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது, என்ன நிறத்தில் உடுப்பு, இந்த மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். நகையைச் சொல்லக்கூடாது. அவசரம் என்ற சொல்லே வரக்கூடாது, கூட்டம் கலவரப்படும். சொல்லி முடித்ததும் பாட்டைப் போட்டுவிடக்கூடாது. ஜனங்கள் திரும்பித் தங்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்க்க நேரம் வேண்டும். இப்படி மூன்று தடவை. அறிவிப்பு கேட்டவுடன் வளைவில் நிற்கும் தொண்டர்கள் வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளையையும் குனிந்து பார்ப்பார்கள். அந்த உடுப்பு போட்ட பிள்ளை, யாரோடு இருந்தாலும், பெற்றோர் வந்து பார்க்கும்வரை தாண்ட முடியாது.

இந்த முறை தவறியதே இல்லை. நான் அந்த மேடையில் இருந்த ஆண்டுகளில் காணாமல் போன பிள்ளை எல்லாம் அன்றைக்கே கிடைத்தது. யார் வந்து கேட்டாலும் அறிவிப்பு உண்டு, ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது. வேலைக்காரனின் பிள்ளை, அதிகாரியின் பிள்ளை என்ற வித்தியாசம் அவரிடம் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு சந்தை. இரண்டாம் நாள் மாலை, வெளிச்சம் இன்னும் இருந்தது. மேடையின் பின்பக்கப் படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். இடுப்பில் நான்கு வயதுப் பெண் பிள்ளை. பிள்ளை மஞ்சள் கவுன் போட்டிருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சள். அவளை எனக்குத் தெரியும். பவளம். கப்பல் பட்டறையில் ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர் வேலுச்சாமியின் மனைவி. வேலுச்சாமியை எல்லாரும் மண்டோர் என்றே கூப்பிடுவார்கள். சந்தைக்குக் கொட்டகை போடுவது முழுக்க அவருடைய ஆட்கள்தான். குழுவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அவள் அருளம்பலம் ஐயாவிடம் நேராகப் பேசினாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா மைக்ல கூப்பிடாதீங்க. பாலம் தாண்டி ஜொகூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன்."

முந்தானையை விலக்கி, முழங்கைக்கு மேலே காட்டினாள். பழைய காயத்தின் மேல் புதுக் காயம். அருளம்பலம் ஐயா அதைப் பார்த்தார். பிறகு பார்வையை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்படி வாக்குத் தர எனக்கு ஏலாது பிள்ளை," என்றார். "தகப்பன் வந்து பிள்ளையைக் காணேல்லை எண்டு கேட்டா நான் கூப்பிட்டே ஆகவேணும்."

அவள் கெஞ்சவில்லை. எப்போது போகிறாய் என்று அவர் கேட்டார். வாடகைக் கார் ஒன்று விளக்குப் போடும் நேரத்தில் சாலையில் வந்து நிற்கும், அதுவரை கூட்டத்துக்குள் இருந்தால்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றாள். அவர் வானத்தைப் பார்த்தார். விளக்குப் போட இன்னும் சிறிது நேரம் இருந்தது.

"இஞ்ச நிக்காதை. ஆக்களோட ஆக்களா நில்," என்று மட்டும் சொன்னார்.

அவள் இறங்கிப் போனாள். அவர் நாற்காலியில் இருந்து அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேலுச்சாமி மண்டோர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஓடி வந்த மூச்சு. வீட்டில் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது என்று அவருடைய ஆள் ஒருவன் என் காதில் சொன்னான். மண்டோர் அதைச் சொல்லவில்லை.

"எம் புள்ளயக் காணோம். மைக்ல போடுங்க," என்றார். "பொம்பள பேரச் சொல்ல வேணாம். புள்ளய மட்டும் சொல்லுங்க."

பெண்டாட்டியை ஒலிபெருக்கியில் தேடினான் என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று நினைத்தார். அது எங்கள் இருவருக்கும் புரிந்தது. அருளம்பலம் ஐயா வழக்கம்போல உட்காரச் சொன்னார். மண்டோர் உட்காரவில்லை. நான் கொடுத்த தண்ணீரை வாங்கி அப்படியே பலகையில் வைத்தார்.

"என்ன உடுப்பு?" என்று அருளம்பலம் ஐயா கேட்டார்.

மண்டோர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை.

"நீலக் கவுன். திருவிழாவுக்குன்னு தேக்கா கடைத்தெருவுல நானே போயி வாங்கியாந்தது. அதத்தான் போட்டிருக்கும்."

"போட்டிருக்கும் எண்டா? நீர் கண்டனீரோ?"

"நான் வாங்கிக் குடுத்தது. வேற எதப் போடும்?" என்றார் மண்டோர். அந்த நேரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளைக்காகத் தானே கடைக்குப் போய் நிறம் பார்த்து வாங்கியிருக்கிறார்.

அருளம்பலம் ஐயா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தகப்பன் சொல்லுறார். நீலக் கவுன். சொல்லும் தம்பி."

நான் மைக்கை எடுத்தேன். வெளுத்த மஞ்சள் நிறம் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒரு சொல் மாற்றினால் போதும். மாற்றினால், பிள்ளை வளைவில் நின்றுவிடும், தாயும் நின்றுவிடுவாள். மாற்றாவிட்டால் ஒரு தகப்பன் எதிரே நின்று கேட்க, அவன் பிள்ளையை நானே வெளியே அனுப்புகிறேன். அந்தப் பெண் சொன்னது முழுவதும் உண்மைதானா என்று எனக்கு என்ன தெரியும்? அவள் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"நீலக் கவுன் அணிந்த நான்கு வயதுப் பெண் பிள்ளையைக் காணவில்லை. கண்டவர்கள் அறிவிப்பு மேடைக்கு அழைத்து வரவும்." தமிழில் சொன்னேன். மலாயில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, தொழில் அப்படிப் பழக்கியிருந்தது.

பாட்டு நின்ற மைதானத்தில் எல்லாரும் குனிந்து பக்கத்தில் பார்த்தார்கள். மண்டோர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நீலத்தைத் தேடினார். அன்று எத்தனை பிள்ளைகள் நீல உடுப்பில் வந்திருந்தன! ஒவ்வொன்றையும் பார்த்து அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. இரண்டாம் முறை சொன்னேன்.

அப்போது வளைவில் மஞ்சள் தெரிந்தது. பிள்ளை, முக்காடு போட்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தது. தொண்டர் ஒருவர் குனிந்து கவுனைப் பார்த்தார், பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார், போகச் சொல்லிக் கையை வீசினார். அவர்கள் வெளியே போனார்கள். மண்டோர் அந்தப் பக்கமும் பார்த்தார். அவர் கண் மஞ்சளில் நிற்கவே இல்லை.

"மூண்டாந்தரம்," என்றார் அருளம்பலம் ஐயா. சொன்னேன். விளக்குகள் எரிந்தன.

மறுநாளே விஷயம் தெரிந்துவிட்டது. பவளம் மேடைப் படியில் ஏறியதை வளையல் கடைக்காரர் பார்த்திருக்கிறார். சந்தை முடிந்த பிறகு குழு கூடியது. ஒலிபெருக்கியைக் கழற்ற வந்த நானும் கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டேன். மண்டோர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசவில்லை, அவருக்காக மற்றவர்கள் கத்தினார்கள். அந்தப் பெண் மேடைக்கு வந்தாளா இல்லையா என்று கேட்டார்கள்.

"வந்தவ," என்றார் அருளம்பலம் ஐயா.

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள்.

"தகப்பன் கேட்டார், கூப்பிட்டன். அவர் சொன்ன உடுப்பைச் சொன்னன். அவ காணாமல் போகேல்லை. அவ போனவ. அதை மைக்கில சொல்லுறது என்ர வேலை இல்லை."

அன்றோடு அவரைக் குழுவில் இருந்து நீக்கினார்கள். கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது என்னிடம், ஈரத்தில் ஸ்பீக்கரை வைக்காதே என்று கடிந்துகொண்டு நடந்து போனார். அதன் பிறகு அவர் அந்த மைதானத்தில் காலெடுத்து வைக்கவில்லை. என் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. சொன்னதைப் பேசினேன் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுக்கிற வழக்கத்தை நான் விடவில்லை.

அறுபதுகளின் முடிவில், வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டுப் போகப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கப்பல் பட்டறையில் ஆட்குறைப்பு தொடங்கியது. குடியுரிமை இல்லாதவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். குடியிருப்பில் பூட்டிய வீடுகள் கூடின. நான் கடைசியாகப் போன சந்தைக்கு ராட்டினக்காரர் வரவில்லை. நாடகம் இல்லை. துணி விரித்து வளையல் விற்றவர் இருந்தார். மூன்று நாளை ஒரு நாளாக்கி முடித்தார்கள். அன்று ஒரு பிள்ளைகூடக் காணாமல் போகவில்லை. அத்தனை இடம் இருந்தது மைதானத்தில்.

அந்த ஆண்டிலேயே அருளம்பலம் ஐயாவை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். பவளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். அவருடைய மருமகன் ஜொகூரில் தமிழ்ப் பள்ளி ஆசிரியர். அந்தப் பள்ளியில்தான் பிள்ளை படிக்கிறது, தாய் தையல் வேலை செய்கிறாள். சொல்லிவிட்டு, இதை யாரிடமும் பேசாதே என்றார். செய்தது சரிதானா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் சிடுசிடுப்பார் என்று விட்டுவிட்டேன்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு பிற்பகல், வேலுச்சாமி மண்டோர் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் புதுத் தகரப் பெட்டி. ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் சிராங்கூன் சாலையில் வாங்கும் பெட்டி அது. வேலை போய்விட்டது, அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறேன் என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார். குடித்திருக்கவில்லை. குரல் தாழ்ந்திருந்தது.

"அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"தெரியும்ணே," என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் தரையில் வைத்தார்.

"எங்க இருக்காங்கன்னு கேக்க வரல. சொல்ல வேணாம். நல்லா இருக்காங்களா?"

பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று கேள்விப்பட்டேன், அவர்கள் இருவரும் நலம், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வலது கையைக் கவிழ்த்து, இடுப்புக்குக் கீழே காற்றில் வைத்தார். அதைப் பார்த்தார். கொஞ்சம் உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் உயர்த்தி, வயிற்றுக்கு நேராக நிறுத்தினார்.

"இவ்வளவு இருக்குமா இப்ப?"

நான் அந்தப் பிள்ளையை அதன் பிறகு பார்த்ததே இல்லை.

"இருக்கும்ணே," என்றேன்.

கையை அந்த உயரத்திலேயே சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.